பழைய கார் வாங்க, பழுதுபார்க்க, ஓட்டி மகிழ: டர்பன் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க், டொங்காட், வெருலம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் வாங்க ஆசைப்படுபவர்களுக்கும் இந்தப் பக்கம். கேள்விகள் பல, ஆனால் எல்லாப் பதிலிலும் ஒரே வரிசைதான் இருக்கும்: முதலில் பிரேக் போட்டால் வண்டி நிற்க வேண்டும், அடுத்து தீப்பிடிக்காமல் இருக்க வேண்டும், அதற்கடுத்துத் துரு நிற்க வேண்டும். பெயின்ட் கடைசி. பெயின்டில் தொடங்கியவர்களின் வண்டிகள்தான் பாதி வேலையில் கராஜுக்குள் கிடக்கின்றன.

முதல் பழைய காராக எதை வாங்கலாம்?

பாகம் கிடைக்கும் காரை வாங்குங்கள். அந்த வகையில் தென்னாப்பிரிக்காவில் முதலிடம் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கு. யூட்டன்ஹேக் ஆலையில் (ஊரின் இன்றைய பெயர் காரியேகா) 1951 முதல் 1979 வரை இங்கேயே தயாரானது. ரேடியேட்டர் கிடையாது. சாதாரண ஸ்பேனர் செட்டோடு எஞ்சினையே இறக்கிவிடலாம். பாகத்துக்கும் பஞ்சமில்லை.

அடுத்தது டட்சன் 1200. பின்னாளில் நிஸ்ஸான் 1400 என்று வந்த சின்ன பிக்கப்பும் அதே குடும்பம். ரோஸ்லின் ஆலையில் 2008 வரை அது தயாரானதால் எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் சாமான்கள் இன்னும் சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கின்றன. 1171 சிசி ஏ12 எஞ்சின் இருந்த இடத்தில் 1397 சிசி ஏ14 பெரிய மாற்றம் எதுவுமில்லாமல் உட்காரும்.

பெரிய எஞ்சின் ஆசை உள்ளவர்கள் 3 லிட்டர் எசெக்ஸ் வி6 போட்ட ஃபோர்டு கோர்ட்டினாவையோ, சாய்ந்த ஆறு சிலிண்டர் வேலியன்ட்டையோ தேடுவார்கள். வேலியன்ட்டின் 225 கன அங்குல (3.7 லிட்டர்) எஞ்சின் முரட்டு உழைப்பாளி. எசெக்ஸில் ஒரு பலவீனம் உண்டு. கேம்ஷாஃப்டை ஓட்டும் பெரிய டைமிங் பல்சக்கரம் ஃபைபரால் ஆனது, வயதானால் பல் உதிரும். எஞ்சின் திறந்த நாளிலேயே உலோகச் சக்கரமாக மாற்றிவிடுங்கள். ஆயில் பம்பை ஓட்டும் அறுகோணத் தண்டின் முனை மழுங்கியிருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். அது சுற்றாமல் வழுக்கினால் ஆயில் பிரஷர் ஒரு நொடியில் போய்விடும்.

தினமும் வேலைக்கு ஓட்ட ஒரே வண்டியாகப் பழைய காரை வாங்காதீர்கள். பாகம் வர ஒரு வாரம் ஆகும்போது வேறு வண்டி இல்லையென்றால் அவசரத்தில் தப்பான வேலை நடக்கும்.

வாங்குமுன் எங்கே பார்க்க வேண்டும்?

எஞ்சின் சத்தத்தில் மயங்காமல் முதலில் தகரத்தைப் பாருங்கள். எஞ்சினைத் திரும்பக் கட்டிவிடலாம். துருவேறிய பாடியைச் சரிசெய்ய அதைவிட மூன்று மடங்கு செலவும் பொறுமையும் வேண்டும். டர்பன் கடலோரத்தில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து பெயின்ட்டுக்கு அடியிலிருந்து தின்னும். ஜோகன்னஸ்பர்க், ஃப்ரீ ஸ்டேட் பக்கம் இருந்த வண்டியில் தகரம் நன்றாக இருக்கும், ஆனால் ரப்பரும் டாஷ்போர்டும் வெயிலில் வெடித்திருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வெடித்த ரப்பர்தான். அது கடையில் கிடைக்கும்.

சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, பின்பெட்டியின் மூலைகள், முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள் எல்லாவற்றிலும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை மறைக்க அப்பிய பட்டிதான் (புட்டி) இருக்கிறது.

பீட்டிலில் நான்கு இடம். ஒன்று, கதவுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் சானல். இது வெறும் சூடுகாற்றுக் குழாய் அல்ல, பாடியின் பலமே இதில்தான். ஜாக் வைத்துத் தூக்கும்போது கதவு இடைவெளி மாறினாலோ கதவைத் திறந்து மூட முடியாவிட்டாலோ சானல் போய்விட்டது. இரண்டு, பின்சீட்டுக்குக் கீழே பேட்டரி உட்காரும் தரை. அமிலம் தின்றிருக்கும். மூன்று, முன் ஆக்சில் பீம் போல்ட் ஆகும் சேசிஸ் தலைப்பகுதி. இங்கே ஓட்டை என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் புதியவர்கள் விலகிவிடுவது நல்லது. நான்கு, ஸ்பேர் டயர் கிடக்கும் குழி.

மோரிஸ் மைனர் என்றால் பின்பக்க இலைவில் பிடிக்கும் இடங்களையும், கதவடியையும், முன்சீட்டுக்குக் கீழே போகும் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். விற்பவர் குத்தவிடமாட்டேன் என்றால் அதுவே பதில்.

காகிதம் இல்லாத வண்டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பாகத்துக்காக வாங்கலாம், ஓட்டுவதற்கு வேண்டாம். பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன் படித்துப் பாருங்கள். பீட்டிலில் சேசிஸ் எண் பின்சீட்டைத் தூக்கினால் நடுமேட்டின் மேல் இருக்கும். எஞ்சின் எண் டைனமோ நிற்கும் மேடைக்குக் கீழே. பழைய வண்டிகளில் எஞ்சின் மாறியிருப்பது சகஜம்தான், ஆனால் மாற்றம் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் போலீஸ் கிளியரன்ஸுக்கு உங்கள் காலம்தான் போகும்.

வண்டி கைமாறியதை அறிவிக்கும் என்.சி.ஓ. படிவத்தை விற்பவர் தர வேண்டும். வாங்கியவர் 21 நாளுக்குள் தன் பெயருக்குப் பதிய வேண்டும். அதற்கு வேண்டிய ரோட்வொர்த்தி (வண்டி சாலையில் ஓடத் தகுந்தது என்ற) சான்றிதழ் 60 நாள்தான் செல்லும். அதனால் சோதனைக்குப் போகுமுன் மற்றக் காகிதங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பதிவில் உள்ள குறியீடும் முக்கியம்: 2 என்றால் பயன்படுத்திய வண்டி, 3 என்றால் விபத்துக்குப் பின் கட்டியெழுப்பியது, 4 என்றால் நிரந்தரமாக அழிக்கப்பட்டது. 4 போட்ட வண்டியைச் சாலைக்குக் கொண்டுவர வழியே இல்லை.

பல வருடம் நின்ற வண்டியை எப்படி எழுப்புவது?

சாவியைத் திருப்பாதீர்கள். நின்ற வண்டிகளில் பாதி சேதம் முதல் நாள் ஆர்வத்தில்தான் நடக்கிறது. துருப்பிடித்த சிலிண்டரில் பிஸ்டன் ரிங் சிக்கியிருக்கும்போது ஸ்டார்ட்டர் இழுத்தால் ரிங் உடையும்.

பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒன்றிரண்டு தேக்கரண்டி, அதாவது 5 முதல் 10 மில்லி, ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) விடுங்கள். ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த நாள் கியரை நியூட்ரலில் போட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையின்றி வந்தால் நல்லது. ஓரிடத்தில் நின்றால் பலம் போடாமல் மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். பிறகு பிளக் போடாமல், காயிலின் நடு வயரைக் கழற்றி எர்த் செய்துவிட்டு, ஸ்டார்ட்டரைப் பத்து நொடிக்கு மேல் போகாமல் விட்டுவிட்டு இழுங்கள். ஆயில் விளக்கு அணையும் வரை இப்படி. ஆயில் எல்லா இடமும் போய்ச் சேர்ந்த பிறகுதான் பிளக் போட வேண்டும்.

டாங்கில் இருக்கும் பெட்ரோலை எஞ்சினுக்குக் காட்டவே கூடாது. பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி வாடை அடிக்கும், அது கார்புரேட்டர் ஜெட்டில் பிசினாகப் படியும். டாங்கை இறக்கிக் கழுவும் வரை, ஒரு லிட்டர் கேனில் புதுப் பெட்ரோல் வைத்து பம்புக்கு நேராகக் குழாய் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க் வரவைக்கும் தொடுமுனைகள்) மேல் படிந்த படலம்தான் நின்ற வண்டியில் ஸ்பார்க் வராததற்கு முதல் காரணம். மெல்லிய எமரி தாளால் ஒரு இழு இழுத்து, சுத்தமான தாளைச் சொருகித் துடைத்து, இடைவெளியை 0.4 மிமீ வைத்தால் பெரும்பாலும் ஸ்பார்க் வந்துவிடும்.

பீட்டிலில் இன்னொரு வேலை கட்டாயம். மின்விசிறி மூடிக்குள் எலி கூடு கட்டியிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கூடு ஆயில் கூலரையோ சிலிண்டர் இடுக்குகளையோ அடைத்தால் எஞ்சின் நன்றாக ஸ்டார்ட் ஆகி, இருபது நிமிடத்தில் சூட்டில் போகும். மூடியைக் கழற்றாமல் நெடுந்தூரம் போகாதீர்கள்.

ஸ்டார்ட் ஆனதும் தெருவுக்கு ஓட்டிப்போகும் ஆசை வரும். பிரேக் வேலை முடியாமல் வாசலைத் தாண்ட வேண்டாம்.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) எவ்வளவு இருக்க வேண்டும்?

பீட்டிலில் 7 முதல் 9 பார் வந்தால் நல்ல எஞ்சின். எண்ணைவிட வித்தியாசம்தான் முக்கியம். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைவு என்றால் அதில் சில சொட்டு ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. எஞ்சின் சூடாக, பிளக் எல்லாம் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி அளக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் அளந்தால் அதே எஞ்சின் குறைவாகக் காட்டும். அங்கே காற்றே குறைவு.

மேட்டு நிலத்தில் நன்றாக ஓடிய கார் டர்பனுக்கு வந்ததும் ஏற்றத்தில் நாக்கிங் சத்தம் போடுகிறதே, ஏன்?

ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால் நாக்கிங் எளிதில் வராது. போன சக்தியைக் கொஞ்சம் மீட்க அங்குள்ள மெக்கானிக்குகள் டைமிங்கை (ஸ்பார்க் வரும் நேரத்தை) இரண்டு மூன்று டிகிரி முன்னே தள்ளி வைப்பார்கள். 93 ஆக்டேன் பெட்ரோலிலும் அது சமாளிக்கும். வண்டி கடலோரம் வந்ததும் சிலிண்டர் முழுக்கக் காற்று நிரம்புகிறது. அதே டைமிங்கில் கலவை தானே வெடிக்கிறது. பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்புகளை உடைக்கும் சத்தம் அது, அலட்சியம் வேண்டாம்.

டைமிங் லைட் வைத்து உங்கள் எஞ்சின் கையேட்டில் உள்ள அளவுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பீட்டிலில் பாஷ் 009 டிஸ்ட்ரிபியூட்டர் போட்டிருந்தால் ஐடிலிங்கில் வைப்பதைவிட, 3,000 ஆர்.பி.எம்முக்கு மேல் மொத்த அட்வான்ஸ் (ஸ்பார்க் முந்தி வரும் அளவு) 30 டிகிரி பக்கம் நிற்கிறதா என்று பார்ப்பதே சரி. பெட்ரோல் 95 போடுங்கள்.

மேட்டு நிலத்துக்காகச் சின்ன ஜெட் மாற்றியிருந்தால் இங்கே கலவையில் பெட்ரோல் போதாமல் சூடேறும். சோலெக்ஸ் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டில் எழுதியிருக்கும் எண் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு: 127.5 என்றால் துளை 1.275 மிமீ. கையேட்டோடு ஒப்பிடுங்கள். சோதனைக்கு, ஏற்றத்தில் நல்ல இழுப்பில் இருக்கும்போதே எஞ்சினை அணைத்து, ஓரம்கட்டி பிளக்கைப் பாருங்கள். இளம் பழுப்பு நல்லது, சுண்ணாம்பு வெள்ளை ஆபத்து.

ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய எஞ்சினைக் கெடுக்குமா?

தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006 ஜனவரி 1 முதல் இல்லை. எந்த எஞ்சின் என்பதைப் பொறுத்துத்தான் பதில். பீட்டிலிலும் டட்சன் ஏ எஞ்சினிலும் ஹெட் அலுமினியம், வால்வு உட்காரும் வளையம் தனி உலோகம். கவலை வேண்டாம். மோரிஸ் மைனர், மினி, வேலியன்ட், எசெக்ஸ் ஃபோர்டு போன்றவற்றில் ஹெட் வார்ப்பிரும்பு. அந்த இரும்பிலேயே வால்வு இருக்கை கடைந்திருக்கும். ஈயம் முன்பு மெத்தையாக இருந்தது. அது இல்லாமல் அதிவேகத்தில் நீண்ட நேரம் ஓடினால் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கையைத் தின்று மெல்ல உள்ளே இறங்கும்.

அறிகுறி டாப்பெட் கேப்பில் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில்) தெரியும்: ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எக்ஸாஸ்ட் கேப் குறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை 80 கிமீ வேகத்தில் ஓட்டுபவருக்கு இது பல வருடம் எடுக்கும். அதனால் இதற்காக மட்டும் ஹெட்டைக் கழற்ற வேண்டாம். வேறு காரணத்துக்குக் கழற்றும்போது எக்ஸாஸ்ட் பக்கம் கடின வளையம் போடச் சொல்லுங்கள்.

பீட்டிலில் டாப்பெட் கேப் எப்படி வைப்பது?

இந்த ஒரு வேலையைக் கற்றுக்கொண்டால் போதும், எஞ்சின் ஆயுள் உங்கள் கையில். 5,000 கிமீக்கு ஒருமுறை, எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, அதாவது இரவு முழுக்க நின்ற பிறகு காலையில் செய்யுங்கள். வேண்டியவை: 13 மிமீ வளைய ஸ்பேனர், தட்டை ஸ்க்ரூடிரைவர், 0.15 மிமீ ஃபீலர் கேஜ், இரண்டு புது கார்க் காஸ்கெட்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே சுற்றும் ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பில் உள்ள வெட்டுக்குறிக்கு நேராக வரும் வரை புல்லியைச் சுற்றுங்கள். புல்லியில் உள்ள குறி கிராங்க் கேஸின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். இப்போது முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னே பார்க்கிற நிலையில் வலப்பக்க முன் சிலிண்டர் 1, வலப்பக்கப் பின் 2, இடப்பக்க முன் 3, இடப்பக்கப் பின் 4.

வால்வு மூடியைப் பிடித்திருக்கும் கம்பியைக் கீழ்நோக்கித் தட்டி இறக்குங்கள். சிலிண்டர் 1இன் இரண்டு வால்வுகளிலும் கேஜைச் சொருகுங்கள். லேசான பிடிப்போடு நழுவ வேண்டும், தாளைப் புத்தகத்திலிருந்து உருவுவது மாதிரி. இறுக்கமாக இருந்தால் லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவைத் திருப்பி, ஸ்க்ரூவை அசையவிடாமல் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது கேப் மாறிவிடும், அதனால் இறுக்கிய பின் மறுபடி அளக்காமல் நகராதீர்கள்.

பிறகு புல்லியைக் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் அரைச் சுற்று. சிலிண்டர் 2. இன்னொரு அரைச் சுற்று, 3. இன்னொன்று, 4. எதிர்த் திசையில் சுற்றுவதால்தான் எண்கள் வரிசையாக வருகின்றன. நேர்த் திசையில் எரியும் வரிசை 1-4-3-2.

எது கெடும்? கேப் அதிகமானால் சத்தம் வரும், சேதம் குறைவு. கேப் குறைந்தால் சத்தமே வராது, ஆனால் வால்வு முழுக்க மூடாமல் எரிந்துபோகும். அதனால் அமைதியான பீட்டிலைக் கண்டு சந்தோஷப்படாதீர்கள். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வைத் தனியாகக் கவனியுங்கள். பழைய வகை எஞ்சினில் ஆயில் கூலர் அதன் காற்றுவழியில் நிற்பதால் அதற்குக் குளிர்ச்சி குறைவு. அந்த ஒரு வால்வில் மட்டும் ஒவ்வொரு முறையும் கேப் குறைந்துகொண்டே வந்தால் வால்வின் தண்டு நீளுகிறது என்று பொருள். தலை அறுந்து சிலிண்டருக்குள் விழுமுன் ஹெட்டைக் கழற்றுங்கள்.

அதே நாளில் ஆயிலும் மாற்றிவிடுங்கள். பீட்டிலில் 2.5 லிட்டர்தான் ஆயில், ஃபில்டர் கிடையாது, கம்பிவலை மட்டும். வலைத்தட்டைப் பிடிக்கும் ஆறு சின்ன நட்டுகளுக்கு 7 நியூட்டன் மீட்டர் போதும். கைப்பலம் முழுக்கப் போட்டால் ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வரும்.

எந்த ஆயில் போடுவது?

டர்பன் வெப்பத்துக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில் நல்லது. கேன் வாங்கும்போது துத்தநாகம் (இசட்.டி.டி.பி.) எவ்வளவு என்று கேளுங்கள். பழைய கேம்ஷாஃப்டும் டாப்பெட்டும் நேரடியாக உரசுபவை. துத்தநாகம் 0.10 முதல் 0.12 சதவீதம் வரை இருக்கும் ஆயில் அவற்றைக் காக்கும். புதிய கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் இது குறைவு.

பீட்டில்கள் தீப்பிடிப்பது ஏன்?

முதல் காரணம் பெட்ரோல் குழாய். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர், டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலேயே இருக்கிறது. வெடித்த ரப்பரிலிருந்து சொட்டும் பெட்ரோல் ஸ்பார்க் உள்ள இடத்தில் விழுகிறது. எஞ்சின் பின்னால் இருப்பதால் புகையை டிரைவர் கடைசியில்தான் பார்ப்பார்.

டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பரையும் ஒரே நாளில் மாற்றுங்கள். துணி சுற்றிய பழைய வகை வேண்டாம். எஸ்.ஏ.இ. 30ஆர்9 என்று அச்சிட்ட குழாய் வாங்கி, இரு முனையிலும் கிளாம்ப் போடுங்கள். அடுத்து, கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாயைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். அது வெறும் அழுத்தத்தில் சொருகியது. ஆடினால் ஒரு நாள் ரப்பரோடு கழன்றுவரும். எஞ்சின் அறையின் முன்தகரத்தைக் குழாய் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா? இல்லையென்றால் தகரம் குழாயை அறுக்கும். பிளாஸ்டிக் ஃபில்டரை எஞ்சின் அறைக்குள் தொங்கவிடாதீர்கள். அதன் இடம் வண்டிக்கு அடியில், டாங்க் பக்கம்.

இரண்டாவது தீ பின்சீட்டிலிருந்து வரும். பேட்டரிக்கு மூடி இல்லாமல் கனமானவர் உட்கார்ந்தால் சீட் ஸ்பிரிங் முனைகளைத் தொட்டு, தேங்காய் நார் திணிப்பு பற்றிக்கொள்ளும். பேட்டரி மூடி சில ரேண்டுதான். ஒரு கிலோ உலர்தூள் அணைப்பானை டிரைவர் கைக்கு எட்டும்படி மாட்டுங்கள்.

பிரேக் வேலையை எங்கிருந்து தொடங்குவது?

ரப்பர் குழாய்களிலிருந்து. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கும். கால் மிதித்தால் எண்ணெய் போகும், எடுத்தால் திரும்பாது. ஒரு சக்கரம் மட்டும் சூடாவதும் வண்டி ஒருபக்கம் இழுப்பதும் பெரும்பாலும் இதனால்தான். வயது தெரியாத குழாய் எதுவானாலும் மாற்றுங்கள்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் கடலோர ஈரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டாட் 4 வகை எண்ணெயை முழுக்க மாற்ற வேண்டும். ஏர் எடுக்கும்போது (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது) மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளில் வரிசை: இடப் பின், வலப் பின், இட முன், வல முன். டிரம் பிரேக்கில் ஷூவை நகர்த்தும் நட்சத்திரச் சக்கரத்தை, வண்டிச் சக்கரம் பூட்டும் வரை திருப்பி, இரண்டு மூன்று பல் பின்வாங்குங்கள். பெடலை மிதித்து ஷூக்களை நடுவில் உட்காரவைத்து மறுபடி பாருங்கள். பெடல் தண்டுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் போகப் போகப் பிரேக் தானே பிடிக்கும்.

பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

வான் ரீனன் கணவாயிலும், ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் இறங்கும் டவுன் ஹில்லிலும் நான்கு டிரம் உள்ள வண்டியை டாப் கியரில் இறக்காதீர்கள். ஏறியிருக்க வேண்டிய கியர் எதுவோ அதிலேயே இறங்குங்கள். பிரேக்கை விட்டுவிட்டு அழுத்துங்கள், தொடர்ந்து மிதித்தபடி இருந்தால் டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகிப்போகும்.

கல்யாண ஊர்வலத்துக்குக் கார் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் அரை மணி நேரம் போவது நெடுஞ்சாலையைவிடக் கடினம். ஐடிலிங்கில் மின்விசிறி மெதுவாகச் சுற்றும், டைனமோ சார்ஜ் தராது, கிளட்ச் பாதியில் நின்று எரியும். முந்தின இரவு பேட்டரியைச் சார்ஜரில் போடுங்கள். கிளட்சைப் பாதி அழுத்தி நகர்த்தாமல், கொஞ்சம் இடைவெளி விட்டு, நகர்ந்து, நியூட்ரலில் நில்லுங்கள்.

அலங்காரம் செய்பவர்களிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்: ரேடியேட்டர் கிரில்லுக்கு முன் பெரிய மாலை தொங்கக் கூடாது. பீட்டில் என்றால் பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளைகளை மூடக் கூடாது. எஞ்சின் மூச்சுவிடுவது அந்தத் துளைகளில்தான். அங்கே மல்லிகைச் சரத்தைப் பரப்பினால் மண்டபம் சேருமுன் எஞ்சின் சூட்டில் திணறும். ஒட்டும் டேப் பழைய பெயின்ட்டை உரித்துவிடும், ரிப்பனை பம்பரில் கட்டச் சொல்லுங்கள்.

பூஜை போடும்போது சந்தனம், மஞ்சள், குங்குமத்தைக் கண்ணாடியிலோ குரோமிலோ வையுங்கள். பழைய லாக்கர் பெயின்ட்டில் மஞ்சள் கறை போகாது. கற்பூரத்தை வண்டிக்கு முன்னால் தள்ளித் தரையில் ஏற்றுங்கள். முன்பெட்டியில் பெட்ரோல் டாங்க் இருக்கும் பீட்டிலுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ரேடியேட்டர் உள்ள கார் பிப்ரவரி வெயிலில் சூடேறுகிறது. என்ன செய்ய?

பெரிய ரேடியேட்டர் வாங்குமுன் இருப்பதைச் சுத்தம் செய்யுங்கள். வருடக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றிய எஞ்சினில் பிளாக்கின் கடைசி சிலிண்டரைச் சுற்றித் துருச்சேறு நிற்கும். கோர் பிளக்கை (பிளாக்கின் பக்கத்தில் உள்ள தகர மூடியை) கழற்றிக் கம்பியால் கிண்டி, தண்ணீர் பீய்ச்சி வெளியேற்ற வேண்டும். பிறகு கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி. தெர்மோஸ்டாட்டை எடுத்து எறிவது மருந்தல்ல. ரேடியேட்டர் மூடி எத்தனை பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் என்று கையேட்டில் பார்த்து அதையே போடுங்கள். 7க்குக் கட்டிய ரேடியேட்டரில் 13 போட்டால் பழைய ஈயப் பற்று வாய் திறக்கும். இதெல்லாம் சரியாக இருந்தும் சூடேறினால் டைமிங்கைப் பாருங்கள். பின்தங்கிய டைமிங்கும் சூடாக்கும்.

துருவை எப்படி நிறுத்துவது?

வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைப்பதுதான் வழி. மேலே பட்டி அப்புவது மறைப்பு. 0.8 முதல் 1.0 மிமீ தகரம், மிக் வெல்டரில் 0.6 மிமீ கம்பி. ஒரேயடியாக இழுத்தால் தகரம் நெளியும், 25 முதல் 30 மிமீ விட்டுப் புள்ளிகளாக வைத்து, ஆறவிட்டு, இடையை நிரப்புங்கள். பட்டி 3 மிமீக்கு மேல் வேண்டாம். வெல்டிங்குக்கு முன் பேட்டரியும் ஆல்டர்னேட்டர் வயரும் கழற்றி, பெட்ரோல் டாங்கை வண்டியிலிருந்து முழுக்க இறக்குங்கள். காலி டாங்க் நிறைந்த டாங்கைவிட ஆபத்து, உள்ளே இருப்பது ஆவி.

வேலை முடிந்ததும் மூடிய பெட்டிப்பகுதிகளுக்குள் கேவிட்டி மெழுகு அடியுங்கள். கதவடியில் உள்ள வடிகால் துளைகளைக் குச்சியால் திறந்து வையுங்கள். அவை அடைத்தால் கதவு உள்ளிருந்து அழுகும். கடற்கரைச் சாலையில் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். காற்றுப் போகும் பருத்தி உறை வேண்டும்.

டயர் பள்ளம் நன்றாக இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000க்கு முந்தையது, உடனே கழற்றுங்கள். பழைய காரில் டயர் தேயுமுன் கெட்டிப்படும். ஆறு வருடம் தாண்டினால் வருடாவருடம் வெடிப்புப் பாருங்கள், பத்தைத் தாண்டவிடாதீர்கள். பீட்டிலுக்கு 165/80 ஆர்15. காற்று முன்னால் 1.2 முதல் 1.3 பார், பின்னால் 1.8 முதல் 1.9. நான்கிலும் ஒரே அளவு அடித்தால் வளைவில் பின்பக்கம் வீசும்.

அசலாகவே வைப்பதா, மாற்றங்கள் செய்யலாமா?

திரும்ப மாற்றக்கூடிய எதையும் செய்யலாம். எலெக்ட்ரானிக் இக்னிஷன் நல்ல மாற்றம், ஆனால் கழற்றிய பாயிண்ட்டும் கண்டென்சரும் வண்டியிலேயே இருக்கட்டும். முன் டிஸ்க் பிரேக்கும் நல்லது, காப்பீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பாடியை வெட்டும் மாற்றத்தை மட்டும் தள்ளிப்போடுங்கள். முதல் பெயின்ட் பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் அதைப் பாலிஷ் செய்து காப்பாற்றுவது, புதுப் பெயின்ட் அடிப்பதைவிட மதிப்பு. ஆலையில் அடித்த பெயின்ட் ஒரு முறைதான் கிடைக்கும்.

காப்பீடு எப்படி எடுப்பது?

சந்தை விலை அல்ல, முன்னரே ஒப்புக்கொண்ட விலை என்ற வகையில் எடுங்கள். மதிப்பீட்டாளர் அறிக்கை, படங்கள், பாக ரசீதுகள் வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை விலையைப் புதுப்பியுங்கள்.

எங்கே ஓட்டி மகிழலாம்?

ஹில்கிரெஸ்ட்டிலிருந்து போத்தாஸ் ஹில், டிரம்மன்ட், இன்சாங்கா வழியாக கேட்டோ ரிட்ஜ் போகும் பழைய பிரதான சாலையைப் போல் பழைய காருக்கு ஏற்ற சாலை இந்த மாநிலத்தில் இல்லை. என்3இல் லாரிகளுக்கு நடுவே தவிக்க வேண்டாம், ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு ஒருபக்கம் வந்துகொண்டே இருக்கும். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள், எஞ்சினுக்கும் குளிர்ச்சி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஆண்டுதோறும் நடக்கும் கார்ஸ் இன் த பார்க் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போகலாம். பாகம் விற்பவர்களும் வருவார்கள். பிப்ரவரியில் ஜார்ஜ் நகரப் பழைய கார் கண்காட்சி. அருங்காட்சியகம் என்றால் ஜோகன்னஸ்பர்க்கில் 1964இல் திறந்த ஜேம்ஸ் ஹால் போக்குவரத்து அருங்காட்சியகமும் கேப் பக்கம் ஃபிரான்ஷுக்கிலுள்ளதும் பார்க்கத் தக்கவை. நாட்டின் பழைய கார் சங்கங்களுக்குக் குடையாக இருக்கும் சவ்வாவில் இணைந்த உள்ளூர் சங்கம் ஒன்றில் சேருங்கள். உங்கள் வண்டியை ஏற்கெனவே பிரித்துச் சேர்த்தவர் அங்கே இருப்பார்.

தூரப் பயணத்துக்கு வண்டியில் என்ன வைப்பது?

விசிறி பெல்ட், செட் செய்த பாயிண்ட்டும் கண்டென்சரும், ரோட்டர், இரண்டு பிளக், ஒரு மீட்டர் பெட்ரோல் குழாய், நான்கு கிளாம்ப், ஃபியூஸ், ஒரு லிட்டர் ஆயில், ஐந்து லிட்டர் தண்ணீர், 13 மிமீ ஸ்பேனர், பெல்ட் புல்லி நட்டுக்குச் சேரும் ஸ்பேனர், டார்ச். பீட்டிலில் பெல்ட் அறுந்தால் குளிர்க்காற்றும் நிற்கும். சிவப்பு சார்ஜ் விளக்கு ஓடும்போது எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த இடத்திலேயே ஓரம்கட்டி எஞ்சினை அணையுங்கள். புது பெல்ட்டை விரலால் அழுத்தினால் 15 மிமீ அளவு உள்ளே போக வேண்டும். புல்லியின் இரு பாதிகளுக்கு நடுவே உள்ள வளையத் தகடுகளில் ஒன்றை எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். எடுத்த தகட்டைத் தொலைக்காமல் நட்டுக்கு அடியிலேயே போட்டு இறுக்கிவிடுங்கள், அடுத்த பெல்ட்டுக்கு வேண்டியிருக்கும்.